நோவின் இடமும் நோவின் மூலமும்



துன்பம் எங்கே தோன்றுகிறதோ அங்கேதான் அதன் காரணமும் இருத்தல் வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். தோள் நோகிறது, தோளுக்குத் தைலம் தடவுகிறோம். தலை நோகிறது, தலைவலி மாத்திரை விழுங்குகிறோம். இவ்வெண்ணம் எப்போதும் சரியாகுமா?

நமது கழுத்தில் ஏழு எலும்புகள் உள்ளன. அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்துபவை உறுதியான நார்கள். வண்டி மோதித் தலை வேகமாக முன்னும் பின்னும் ஆடினாலும், தலைச்சுமையோடு கால் இடறினாலும், அந்நார்கள் அளவுக்கு மிஞ்சி இழுபட்டுக் காயமுறக்கூடும். காயம் கழுத்தில், நோவோ பிறிதோர் இடத்தில்! இலண்டன் மருத்துவர் கெல்கிரன் 1939இல் வெளியிட்ட ஆய்வில், முதுகெலும்புகளுக்கு இடையேயுள்ள நார்களில் உப்புநீரை ஊசிவழிச் செலுத்தியபோது, ஊசி குத்திய இடத்திற்கு அப்பாலும் நோவு பரவியதைக் காட்டினார். 1990இல் வேறு ஆய்வாளர்கள் நலமுள்ளோரின் கழுத்து மூட்டுகளில் நீர் செலுத்திச் சோதித்தனர். மேல்மூட்டைத் தூண்டின் நோவு பிடரிக்கு ஏறிற்று. கீழ்மூட்டைத் தூண்டின் தோள்பட்டைக்கு இறங்கிற்று. ஈரிடத்து நரம்புகளும் தண்டுவடத்தில் ஒருங்கே கூடுவதால் மூளை இடத்தைப் பிறழ உணர்கிறது என்பர் அறிஞர். ஆகவே மருத்துவர், ஐயத்திற்குரிய மூட்டின் சிறு நரம்பை மட்டும் மரக்கச் செய்து, நோவு அடங்குகிறதா என்று பார்த்து மூலத்தைத் தேடுகின்றனர்.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியும், நார் தெரியாது. படத்தில் ஒன்றுமில்லை என்றால் நோவே இல்லை என்பது பொருளா? ஆலைகளில் உழைத்த நாம் அறிவோம்: கட்டுப்போடக் காயம் இல்லாதவன் நோகிறது என்றால், வேலைக்குக் கள்ளன் என்ற பட்டமே அவனுக்குக் கிடைக்கும். நமக்குத் தெரியாத ஒன்றை இல்லாத ஒன்று எனத் துணிவது அறிவன்று, அறமும் அன்று.

மற்றொரு சாரார் நோவை நம்புவர். ஆனால் "முன்வினைப்பயன்" என்று கூறித் தேடலை முடித்துவிடுவர். சீவகர் என்னும் பரிவிராசகர் இதனைக் கேட்டபோது பகவன் புத்தர் என்ன விடை பகர்ந்தார்? பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவமாற்றம், முறையற்ற நடை, தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை எண்ணினார். எல்லா உணர்வும் முன்வினையால் வருவதே என்போர் எல்லை கடந்து பேசுகின்றனர் என்றும் தெளிவித்தார். சுமையால் வந்த நோவுக்கு முற்பிறவியைச் சுட்டினால், சுமை குறையுமா? சுமத்தியவன்தான் பொறுப்பேற்பானா?

ஆதலின், நோகிறது என்பவனை முதலில் நம்புவோம். பின்னர் மூலத்தைத் தேடுவோம். கழுத்தைச் சொடுக்கிவிடும் பழக்கத்தைக் கைவிடுவோம். கைகால் மரத்தாலும் வலுவிழந்தாலும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். நம்பிக்கையோடு கூடிய தேடலே கருணையாகும். தேடாத இரக்கம் தைலம் தடவுவதோடு நின்றுவிடும்.