வேடத்தின் முன் கைகூப்புதல்

கடவுளாக நடித்தவரை நேரில் பார்த்ததும் ஒரு பக்தர் அவர் காலில் விழுகிறார். அந்த வணக்கம் யாரைச் சேர்கிறது? நடிகரையா, அவர் ஏற்ற வேடத்தையா, வேடத்துக்கு அப்பால் இருக்கும் தெய்வத்தையா? தொலைக்காட்சித் தொடர்களும் ரசிகர் சந்திப்புகளும் பெருகிய பிறகு இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. ஆனால் கேள்வி பழையது. தெருக்கூத்து நடக்கும் ஊர்கள் இதற்கு நடைமுறையில் ஒரு விடை வைத்திருக்கின்றன. காவிய இலக்கணமும் சைவ சித்தாந்தமும் வேறு வேறு வழியில் இதைத் தொட்டிருக்கின்றன.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மலையிறங்கும் இடத்தில் தொப்பூர் இருக்கிறது. விபத்துச் செய்திகளால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த கணவாய் இது. கணவாய்க்கு வடக்கே தருமபுரி மாவட்டம், தெற்கே சேலம் மாவட்டம். இரண்டும் கூத்துக்குப் பேர்போன நிலம். மாரியம்மன், திரௌபதியம்மன் பண்டிகை சாட்டினால் விடிய விடியக் கூத்து வைக்கும் வழக்கம் இந்த மாவட்டங்களின் கிராமங்களில் இன்றும் உண்டு. பாரத விழா என்றால் பகலில் பிரசங்கியார் கதை சொல்வார். அதே கதை இரவில் கூத்தாக ஆடப்படும்.

இருட்டியதும் வேஷக்காரர் கொட்டகைக்குள் தரையில் உட்கார்ந்து, ஒரு கையில் சிறு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அரிதாரம் பூசுகிறார். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் மரத்தில் செதுக்கியவை. எடை குறைவு என்பதற்காகக் கல்யாண முருங்கையைத் தேடிப்பிடித்துச் செய்வார்கள். மேலே வண்ணத் தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டியிருக்கும். சலங்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் காலில் கட்டுகிறார். பிறகு இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் வந்து நின்று பாடுகிறார். கட்டியக்காரன் அவரை யார் என்று விசாரிக்க, அவர் தன் பெயரையும் குலத்தையும் பெருமையையும் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். அதுவரை அவர் ஊர் அறிந்த மனிதர். கரும்பு வெட்டப் போகிறவராக இருக்கலாம், சூளையில் வேலை செய்கிறவராக இருக்கலாம். திரை விலகியதும் அவர் அர்ச்சுனன்.

அர்ச்சுனன் தபசு ஆடும் நாளில் இந்த மாற்றம் முழுமையாகத் தெரிகிறது. உயரமாக நட்ட தபசு மரத்தில் அர்ச்சுன வேஷக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுகிறார். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் ஈரப் புடவையோடு மரத்தடியில் காத்துக் கிடக்கிறார்கள். உச்சிக்குப் போனதும் அவர் எலுமிச்சம் பழம், பூ, திருநீறு எல்லாவற்றையும் கீழே எறிகிறார். பெண்கள் முந்தானையை ஏந்திப் பிடிக்கிறார்கள். கையில் விழுந்த பழம் அவர்களுக்குப் பிரசாதம். எறிந்தவர் யார், எந்தத் தெருக்காரர் என்பது தெரியாதா என்றால், தெரியும். அது பிரசாதத்தின் மதிப்பைக் குறைப்பதில்லை. மறுநாள் டீக்கடையில் அதே மனிதர் அருகில் உட்கார்ந்தால் அவர் காலில் யாரும் விழுவதுமில்லை.

துகிலுரிதல் இரவில் இன்னொரு பக்கத்தைக் காணலாம். திரௌபதியின் புடவையில் கை வைப்பதற்கு முன் துச்சாதன வேஷக்காரர் ஆட்டத்தை நிறுத்துகிறார். கற்பூரம் ஏற்றி, நடிப்புக்காகச் செய்வது இது, தாயே பொறுத்துக்கொள் என்று வேண்டுகிறார். சில ஊர்களில் அவர் மயங்கிச் சாய்வதும் உண்டு. எதிரே நிற்பவர் புடவை கட்டிய ஆண் என்பதும், பல காலமாகத் தன்னோடு ஆடும் கூட்டாளி என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் மன்னிப்புக் கேட்கிறார் என்பதில்தான் இந்தக் கலையின் இறையியல் இருக்கிறது. நடிப்பு பொய் என்பதால் குற்றமில்லை என்று அவர் வாதிடவில்லை. வேடத்தில் தெய்வம் இறங்கக்கூடும் என்பதால் பொறுப்பு உண்டு என்று எடுத்துக்கொள்கிறார்.

இந்த அனுபவத்தைச் சொல்லால் வரையறுக்க முயன்றவர்கள் காசுமீரத்து அறிஞர்கள். பரதரின் நாட்டிய சாத்திரத்துக்கு அபிநவகுப்தர் ஏறத்தாழ 1000ஆம் ஆண்டையொட்டி எழுதிய உரையில், தமக்கு முந்திய சங்குகரின் கருத்தை எடுத்துரைக்கிறார். மேடையில் நிற்பவரைப் பார்த்து ‘இவன் இராமன்’ என்று பார்வையாளர் கொள்ளும் அறிவு எந்த வகை? மெய்யறிவு என்று சொல்ல முடியாது, நிற்பவர் இராமர் அல்லர். மயக்க அறிவு என்றும் சொல்ல முடியாது, பின்னால் அது தவறென்று தெரிந்து யாரும் திடுக்கிடுவதில்லை. ஐயமும் இல்லை, இராமரைப் போன்றவர் என்ற ஒப்புமையும் இல்லை. ஓவியத்தில் எழுதிய குதிரையைக் குதிரை என்று சொல்கிறோமே, அந்த வகை அறிவு என்றார் சங்குகர். அபிநவகுப்தர் இதோடு நிற்கவில்லை. சுவை நடிகரிடமும் இல்லை, கதை மாந்தரிடமும் இல்லை, பார்ப்பவர் உள்ளத்தில் நிகழ்கிறது என்றார். காட்சியில் தோன்றும் அச்சமோ காதலோ குறிப்பிட்ட ஆளுக்கும் இடத்துக்கும் காலத்துக்கும் உரியது என்ற எல்லையைக் கடந்து பொதுவாகிவிடுவதால்தான் அது சுவையாகிறது என்பது அவர் விளக்கம்.

ரசிகர்களைப் பேதைகள் என்று ஒதுக்குவோருக்கு இந்த விளக்கமே போதிய மறுமொழி. ஆனாலும் இது வணக்கத்தை முழுதாக விளக்குவதில்லை. சுவைத்தல் வேறு, வழிபடுதல் வேறு. ஓவியக் குதிரைக்கு யாரும் புல் வைப்பதில்லை. தபசு மரத்தடியில் மட்டும் முந்தானைகள் விரிகின்றன.

இங்கே சைவம் துணைக்கு வருகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞான போதத்தின் 12ஆம் சூத்திரம், அடியார்களின் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனென்றே தொழ வேண்டும் என்று வகுக்கிறது. கல்லால் ஆன கோயிலும் நீறும் உருத்திராக்கக் கண்டிகையும் அணிந்த வேடமும் ஒரே வரிசையில் வைக்கப்படுகின்றன. இந்தக் கோட்பாட்டின் கடைசி எல்லை வரை போய்ப் பார்த்தவர், சேக்கிழார் பெரிய புராணத்தில் பாடும் மெய்ப்பொருள் நாயனார். திருக்கோவலூரில் ஆண்ட அவரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி அடியார் கோலத்தில் வருகிறான். ஆகம நூல் என்று காட்டிய சுவடிப் பொதிக்குள் கத்தி இருக்கிறது. குத்துப்பட்ட பிறகும் மன்னர் அவனைத் தொழுகிறார். வாளை ஓங்கிய காவலன் தத்தனைத் தடுத்து, வந்தவனை ஊரார் தாக்காமல் எல்லை வரை கொண்டுபோய் விடச் சொல்கிறார்.

அணிந்தவன் கொலைகாரன், அணிந்த நோக்கம் வஞ்சகம். அப்படியிருந்தும் வேடம் வணக்கத்துக்குரியது என்றால், வணக்கம் ஆளின் தகுதியைப் பார்த்துச் செய்வதல்ல என்றாகிறது. நடிகரை வணங்கும் பக்தருக்கு இதைவிட வலுவான தத்துவப் பின்புலம் கிடைப்பது அரிது. ஒரு வேறுபாட்டையும் மறைக்கக் கூடாது. நாயனார் தொழுத நீறும் கண்டிகையும் சிவச் சின்னங்கள். நடிகர் அணிவது ஒரு தெய்வத்தின் உருவத்தைப் பின்பற்றிச் செய்த கோலம். சின்னத்துக்கு ஆள் யாராக இருந்தாலும் ஒன்றுதான். கோலத்துக்கோ முகம் வேண்டும், குரல் வேண்டும், நடை வேண்டும். கோலத்தைத் தொழுகிறவர் நாளடைவில் முகத்தையே தொழத் தொடங்கிவிடும் ஆபத்து அங்கே இருக்கிறது.

அந்த ஆபத்தைக் கூத்து மரபும் அதன் வடநாட்டு உறவுகளும் அறிந்தே கையாண்டன. காசிக்கு எதிர்க்கரையில் உள்ள ராம்நகரில் காசி மன்னர் குடும்பத்தின் ஆதரவில் ஏறத்தாழ ஒரு மாதம் நடக்கும் ராமலீலையில் இராமர், சீதை, தம்பியர் வேடங்களை இளஞ்சிறுவர்களே ஏற்கிறார்கள். மகுடம் சூட்டியதும் அவர்கள் சொரூபங்கள், அதாவது தெய்வத்தின் உருவங்கள். மன்னரும் வணங்குவார். ஒவ்வொரு நாளும் ஆரத்தியோடு லீலை முடிகிறது. குரல் உடையும் வயது வந்தால் வேறு சிறுவர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். வேடம் நிலைத்திருக்க, முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும் ஏற்பாடு இது. தருமபுரிப் பக்கத்துக் கூத்திலும் விடிந்ததும் மங்களம் பாடி, தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துவிடுகிறார்கள். வேடம் கட்டுவதற்கு எவ்வளவு முறை உண்டோ, கலைப்பதற்கும் அவ்வளவு உண்டு.

தொலைக்காட்சியில் கட்டுதல் இருக்கிறது, கலைத்தல் இல்லை. ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை தூர்தர்ஷனில் ஞாயிறு காலைகளில் 78 பகுதிகளாக வந்தது. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை போட்டுச் சூடம் காட்டிய வீடுகளும் உண்டு. ஊர்ப் பொது இடம், இரவு, திரை, கட்டியக்காரன் என்று எதுவும் இல்லாத இடத்தில் மக்கள் தாமாகவே சடங்கை உண்டாக்கிக்கொண்டார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வேடத்தைச் சுற்றி ஒரு வேலி தேவை என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் அவர்கள் கையில் இருந்தது தொடக்கச் சடங்கு மட்டும். பெட்டியை அணைத்தாலும் இராமராக நடித்த அருண் கோவிலின் முகம் இராமர் முகமாகவே மனத்தில் நின்றது. 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது தொடர் மறுபடி ஒளிபரப்பானபோது, அடுத்த தலைமுறைக்கும் அதே முகம் போய்ச் சேர்ந்தது.

அதன் பாரம் நடிகர் மேல் விழுந்தது. படப்பிடிப்பு இடைவேளையில் புகை பிடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து, உங்களைக் கடவுளாக நினைக்கிறோம், நீங்கள் இப்படிச் செய்யலாமா என்று கோபத்தோடு கேட்டதாகவும், அதற்குப் பிறகு சிகரெட்டைத் தொடவில்லை என்றும் அருண் கோவில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கூத்துக்காரரிடம் இந்தக் கேள்வி வேடம் கலைந்த பிறகு வராது. வேறொரு விளைவும் உண்டு. சீதையாக நடித்த தீபிகா சிக்லியா 1991இல் பரோடாவிலிருந்தும், பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத’த்தில் கிருஷ்ணராக வந்த நிதீஷ் பரத்வாஜ் 1996இல் ஜாம்ஷெட்பூரிலிருந்தும், அருண் கோவில் 2024இல் மீரட்டிலிருந்தும் மக்களவைக்குச் சென்றார்கள். வேடத்துக்குச் செய்த வணக்கம் வாக்காக மாறுவது, வணக்கத்துக்கும் நல்லதல்ல, வாக்குக்கும் நல்லதல்ல. இராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் 1991இல் சபர்காந்தாவில் வென்றார் என்பதால், வாக்களித்தவர்கள் தெய்வத்துக்கு மட்டுமே வாக்களித்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது.

ரசிகர்கள் நடிகர்களை நேரில் சந்திக்கவென்றே கூட்டம் கூட்டும் வழக்கம் அமெரிக்காவில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரால் பெரிதானது. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் அதற்கென நடந்த மாநாடு பேர்பெற்றது. ஆசியாவில் நமக்கு நெருக்கமான காட்சி 2014இல் இந்தோனேசியாவில் நடந்தது. விஜய் டிவியில் தமிழ் பேசிய அதே ஸ்டார் பிளஸ் ‘மகாபாரதம்’ அங்கே பெரும் வரவேற்பைப் பெற, அர்ச்சுனனாக நடித்த ஷாகிர் ஷேக் உள்ளிட்டோர் நேரில் சென்று மேடையேறினார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோர் இஸ்லாமியர். ஆனால் வயாங் நிழற்கூத்தின் வழியாக அர்ச்சுனன் அவர்களுக்குப் பல நூற்றாண்டு உறவு. வணக்கம் இல்லாமலும் வேடத்தின் மேல் இவ்வளவு அன்பு வைக்க முடியும் என்பதை அந்தக் கூட்டம் காட்டியது.

இத்தகைய சந்திப்புகளில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, சில நொடி அருகில் நின்று படம் எடுத்துக்கொள்ளக் கட்டணம் உண்டு. கோயிலில் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கிப் பழகிய நாட்டில் அதைக் குறையாகச் சொல்வது பொருந்தாது. கூத்திலும் நடுவில் பணம் தருகிறார்கள். தந்தவர் பெயரைச் சபையில் சொல்லி வாழ்த்துகிறார்கள். ஆனால் அந்தப் பணம் நடக்கும் ஆட்டத்துக்குத் தருவது. இங்கே ஆட்டம் நடப்பதில்லை, முகம் மட்டும் இருக்கிறது. ஓர் அன்பர் வெகுநாள் காத்திருந்து கடைசியில் தன் உயரத்தில், தன்னைப் போலவே களைத்திருக்கும் ஒருவர் முன் நின்று, சொல்ல நினைத்ததை மறந்துவிட்டுத் திரும்புவதற்குக் காரணம் நடிகரின் குறை அல்ல. அவர் தேடி வந்தவர் கதைக்குள் இருக்கிறார்.

தொப்பூருக்கு அருகே காட்டுக்குள் இருக்கும் முத்தம்பட்டி ஆஞ்சநேயர் கோயிலுக்கு இந்த வட்டாரத்தார் சனிக்கிழமைகளில் போகிறார்கள். இராமாயணம் சொல்லும் இடமெல்லாம் ஆஞ்சநேயர் வந்து கேட்கிறார் என்பது நம்பிக்கை. கதை சொல்லும்போது அவருக்கென்று ஒரு மணையைக் காலியாகப் போட்டு வைப்பார்கள். இராமரை நேரில் கண்டவர், தோளில் சுமந்தவர், அவரோடு வைகுந்தம் போகாமல் கதை கேட்பதற்காகவே பூமியில் தங்கிவிட்டார் என்கிறது மரபு. நேரில் காண்பதுதான் பக்தியின் உச்சம் என்று எண்ணுகிறவர்களுக்கு இந்த நம்பிக்கை ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்கிறது. கதை நிகழும் நேரத்தில் தெய்வம் அங்கே இருக்கிறது. அதைத் தாங்குகிறவர் பிரசங்கியாரோ வேஷக்காரரோ நடிகரோ, அந்த நேரத்துக்கு மட்டும் தாங்குகிறார்.

நடிகர் பக்கத்திலும் இதை அறிந்து நடந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். ஸ்டார் ட்ரெக்கில் ஸ்பாக் வேடமேற்ற லெனார்ட் நிமாய் 1975இல் தாம் ஸ்பாக் அல்ல என்று தலைப்பிட்டு ஒரு நூல் எழுதினார். 20 ஆண்டு கழித்துத் தாம்தான் ஸ்பாக் என்று இன்னொரு நூல் எழுதினார். இரண்டும் உண்மை. 2022இல் ஒரு விமான நிலையத்தில் ஒரு பெண் அருண் கோவிலின் காலில் விழுந்து எழுந்திருக்காமல் கிடந்த காணொளி பரவியது. அதில் அவர் கூச்சத்தோடு நிற்கிறார். கூத்துக்காரர் வேடத்தோடு இருக்கும்போது யாராவது காலில் விழுந்தால் திருநீறு எடுத்துப் பூசி வாழ்த்துகிறார். வேடம் இல்லாதபோது விழுந்தால் பதறிப் பின்வாங்குகிறார். வேடமே இல்லாமல் வேடத்துக்குரிய வணக்கத்தை ஏற்க நேர்ந்த அருண் கோவிலுக்கு இந்த இரண்டு வழியும் இல்லை. 2021இல் காலமான அரவிந்த் திரிவேதி தீவிர இராம பக்தர். படப்பிடிப்புக்கு முன் பூசை செய்து, இராமரைப் பழித்துப் பேசப்போகும் சொற்களுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் இராவணன் வேடத்தில் நின்றார் என்று அவரோடு பணிபுரிந்தவர்கள் கூறியிருக்கிறார்கள். துகிலுரிதல் இரவில் கற்பூரம் ஏற்றும் துச்சாதன வேஷக்காரர் செய்வதும் அதுதான்.