அடுப்பின் தோஷம்

இல்லறத்தான் அறியாமலே ஜீவஹிம்சை புரியும் இடங்கள் ஐந்து என்று வகுத்த மனு ஸ்மிருதி, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய நான்குக்கும் முன்னதாக அடுப்பைக் குறிப்பிட்டு, அத்தோஷம் நீங்க நாள்தோறும் ஐந்து மகா யக்ஞங்களை விதிக்கிறது. விறகோடு வெந்துபோகும் அற்ப ஜந்துக்களுக்காகவும் இரங்கிய அந்த நுண்ணிய தர்ம புத்தியை வணங்கத்தான் வேண்டும். ஆயினும் அதே அடுப்பின் முன் குந்தி, ஊதாங்குழலில் மூச்சைச் செலவிட்டுக் கண்ணீர் வழிய நெருப்பை எழுப்புகிறவளை அந்தக் கணக்கில் எங்கே சேர்ப்பது என்பதே என் சந்தேகம்.

தர்மபுரி ஜில்லாவில் பென்னாகரத்துப் பக்கமோ சித்தேரி மலையிலோ ராகிக் களி கிண்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் தர்க்கமாகத் தோன்றாது. மாவு வெந்து இறுகும் தருணத்தில், பானை சுழலாதபடி கவைக்கோலால் அழுத்திக்கொண்டு, இரு கைகளாலும் துடுப்பைச் சுழற்றும்போது முகத்தைத் திருப்ப இயலாது; புகை அப்போதுதான் நேரே வரும். மாநில அரசு இலவச எரிவாயு அடுப்பு வழங்கியது. 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் பெண்களின் பேரிலேயே இணைப்பைத் தந்தது. எனினும் பல வீடுகளில் டீக்கும் விருந்தாளிக்கும் கேஸ், களிக்கும் வெந்நீருக்கும் விறகு என்பதே இன்றும் நடைமுறை. விறகில் கிண்டிய களிக்கே ருசி என்று பெண்களே சொல்லுவதுண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 14.2 கிலோ சிலிண்டருக்கு ரொக்கமாகப் பணம் எண்ண வேண்டும். காட்டு விறகோ சும்மா கிடைக்கிறது என்கிறார்கள், சும்மாடு வைத்துச் சுமந்தவளின் அரைநாளுக்கு விலையே இல்லை என்பதுபோல.

அடுப்பே பாவம் என்று சொல்ல வரவில்லை. வடலூரில் 1867-ஆம் ஆண்டு வள்ளலார் மூட்டிய அடுப்பு ஏழைகளின் பசியை ஆற்றி இன்றளவும் அணையாதிருக்கிறது. ஜீவகாருண்யத்துக்கு அதைவிடச் சிறந்த பீடம் வேறில்லை. உண்பவனின் பசிக்கு இரங்கிய அதே காருண்யம் சமைப்பவளின் சுவாசத்துக்கும் நீள வேண்டாமா? வீட்டு அடுப்புப் புகையால் 2020-இல் உலகெங்கும் 32 லட்சம் பேர் அகாலமாக மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

குலதெய்வத்துக்குப் பொங்கலிடக் கடன் வாங்கவும் தயங்காத கிருகஸ்தன், சிலிண்டர் விலையையும் அடுப்பின் தோஷத்துக்கான பிராயச்சித்தச் செலவாகச் சேர்த்துக்கொள்ளலாமே. எரிவாயு மட்டும் ஹிம்சையற்றதா என்று கேட்பார்கள். இல்லைதான், பூமியைத் துளைத்து எடுத்ததுதானே அதுவும். ஆனால் அந்தத் தோஷத்தில் நாம் எல்லோருமே பங்காளிகள். விறகுப் புகையின் பங்கோ பெரிதும் அவள் ஒருத்திக்கே போய்ச் சேருகிறது.