சட்டம் ஊருக்கு ஊர் மாறும். அண்டை வீட்டாரின் ஹக்கு மாறுமா?

ஒரு செயல் ஓர் ஊரில் கூடும். அடுத்த ஊரில் கூடாது. ஒரு மணி நேரம் கூடும். அடுத்த நிமிடமே அது குற்றம். இப்படி ஒரு நிலை இருக்குமானால் அந்தச் செயலை நல்லதென்பதா, கெட்டதென்பதா? மனிதர் வகுத்த சட்டம் இடத்துக்கு இடம் மாறுகிறது, ஆகவே அதற்கு மதிப்பில்லை என்று தள்ளிவிடலாமா? அல்லது, சட்டமே அனுமதித்தபின் நம்மை யார் கேட்பது என்று இருந்துவிடலாமா? பட்டாசு என்னும் சிறு பொருளை வைத்தே இந்தப் பெரிய கேள்வியை ஆராய்ந்து பார்க்கலாம்.

சென்னையின் தெற்கே கடலோரமாக இருக்கும் பாலவாக்கத்தை எடுத்துக்கொள்வோம். 2011ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு இணையும்வரை அது ஓர் ஊராட்சி. மீனவர் குப்பமும், அடுக்குமாடி வீடுகளும், கிழக்குக் கடற்கரைச் சாலைக் கடைகளும் அடுத்தடுத்து இருக்கும் ஊர். பல சமயத்தவரும் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் இத்தகைய ஊர்களில், ஒரு வீட்டு முற்றத்தில் பற்றவைக்கும் திரியின் ஓசை அந்த வீட்டோடு நின்றுவிடுமா? பக்கத்து வீட்டுத் தொட்டிலுக்கும் போகும். எதிர்வீட்டு நோயாளியின் கட்டிலுக்கும் போகும்.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம், தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரை மட்டுமே பட்டாசு வெடிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. சரவெடிக்குத் தடை விதித்தது. கிறிஸ்துமஸுக்கும் ஆங்கிலப் புத்தாண்டுக்கும் இரவு 11.55 முதல் 12.30 வரை என்று வேறு நேரம் குறித்தது. தமிழ்நாட்டு அரசு உடனே நீதிமன்றத்தை அணுகியது. வடநாட்டில் தீபாவளி அந்திப்பொழுதுப் பண்டிகை; இங்கோ விடியற்காலை எண்ணெய் ஸ்நானத்தோடு தொடங்குவது; ஆகவே காலையிலும் நேரம் வேண்டும் என்று கேட்டது. இரண்டு மணி நேரம் என்ற அளவைக் கூட்ட நீதிமன்றம் இசையவில்லை. ஆனால் அந்த இரண்டு மணியை எப்போது வைத்துக்கொள்வது என்பதை அரசே முடிவு செய்யலாம் என்றது. அதன்படி காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று தமிழ்நாட்டில் வகுக்கப்பட்டது. டில்லியிலோ நிலை வேறு. அங்கே காற்று மாசின் காரணமாக 2017இல் விற்பனைக்குத் தடை வந்தது; பிறகு முழுத் தடையாக இறுகியது; 2025 தீபாவளிக்குப் பசுமைப் பட்டாசுகளுக்கு மட்டும் சில நாள் அனுமதி கிடைத்தது.

கடல் கடந்து பார்த்தாலும் இதே கதைதான். 1970ஆம் ஆண்டு சீனப் புத்தாண்டுப் பட்டாசினால் உயிர்ச்சேதம் நேர்ந்தபின், சிங்கப்பூர் 1972இல் தனியார் பட்டாசு வெடிப்பதையே தடை செய்துவிட்டது. அங்குள்ள தமிழர்கள் பட்டாசின்றியே தீபாவளி கொண்டாடி வருகின்றனர். இங்கிலாந்திலோ வழக்கமாக இரவு 11 மணிக்கு மேல் கூடாது. ஆனால் தீபாவளியன்று நள்ளிரவு கடந்து 1 மணி வரை கூடும்!

இவற்றையெல்லாம் பார்த்து, 'சட்டம் என்பது வெறும் விளையாட்டு' என்று நினைப்பது அறியாமை. நம் மார்க்கத்தையே எண்ணிப் பாருங்கள். சென்னையில் மஃரிப் பாங்கு ஒலிக்கும்போது கோயமுத்தூரில் சூரியன் இன்னும் மறைந்திருக்காது. தொழுகை ஒன்றுதான், கடமை ஒன்றுதான், வக்து மட்டும் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. மனைவி மக்களுக்குக் கொடுக்க வேண்டிய ஜீவனாம்சம் கடமை. அதன் அளவை அந்தந்த ஊர் வழக்கத்தையும் கணவனின் வசதியையும் ஒட்டித்தான் ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்தார்கள். 'உர்ஃபு' எனப்படும் ஊர் வழக்கத்துக்கு ஷரீஅத்தில் இடமுண்டு. எனவே வேறுபாடு என்பது குற்றமல்ல. வேறுபாட்டுக்கு அடியில் மாறாத கடமை ஒன்று இருக்கிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இருக்கிறது! பிறருக்குத் தீங்கிழைக்காதே என்பதுதான் அது. யாருடைய தீங்கிலிருந்து அவருடைய அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ அவருடைய ஈமானே குறைபாடுடையது என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவர் என்று அங்கே கேள்வி எழவில்லை. ஆடு அறுத்த வீட்டில், யூத அண்டை வீட்டாருக்கு இறைச்சி அனுப்பினீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்ட நபித்தோழரின் வரலாறு நாம் அறிந்ததே.

சட்டத்தின் கைகள் எவ்வளவு தூரம் நீளும் என்று பாருங்கள். மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதிப் பகுதி. அங்கே வெடி வெடிக்கக் கூடாது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் ஓசை 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. நல்ல விதிகள்தாம். ஆனால் ஆபரேஷன் முடிந்து மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வரப்பட்ட முதியவரைச் சுற்றி எந்த 100 மீட்டர் இருக்கிறது? பிறந்து பத்து நாளான குழந்தை மாலை 7 மணிக்குத் தூங்கக் கூடாதென்று எந்தச் சட்டம் சொல்ல முடியும்? சட்டத்துக்கு மணி தெரியும், மனிதர் தெரியாது. தெருவில் யார் நோயாளி, யார் பிள்ளை பெற்றவள், யார் வீட்டுக் கூரை ஓலை என்பதெல்லாம் அண்டை வீட்டாருக்குத்தான் தெரியும். சட்டம் முடியும் இடத்தில் ஹக்கு தொடங்குகிறது.

இதற்கு நம் நாட்டிலேயே அழகான சான்று உண்டு. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்கு அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதையொட்டிய கொள்ளுக்குடிப்பட்டி கிராம மக்கள், கண்மாய்க்கு வந்து கூடு கட்டும் பறவைகள் மிரண்டு போகும் என்பதற்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. போலீசுக்குப் பயந்தா அவர்கள் நிறுத்தினார்கள்? இல்லை. விருந்தாக வந்த பறவைக்கு அஞ்சினார்கள்! பறவைக்கே இந்தப் பரிவு என்றால், சுவருக்கு அப்பாலிருக்கும் மனிதருக்கு எவ்வளவு வேண்டும்?

இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பிறர் வீட்டுப் பட்டாசைப் பற்றி முணுமுணுக்கும் நாம், நம் வீட்டு ஓசையைக் காதில் வாங்குகிறோமா? நிக்காஹ் ஊர்வலத்தில் வெடி, கந்தூரியிலும் சந்தனக்கூட்டிலும் வாணவேடிக்கை, இரவு வெகுநேரம் வரை தெருமுனையில் ஒலிபெருக்கி என்று நம்மிடையேயும் எத்தனை வழக்கங்கள்! வடநாட்டு நகரங்கள் பலவற்றில் பராஅத் இரவில், வணக்கத்துக்குரிய அந்த இரவில், பட்டாசு கொளுத்தும் பழக்கம் புகுந்து, அதை உலமாக்கள் கண்டித்து வந்திருக்கிறார்கள். பள்ளிவாசலில் குர்ஆன் ஓதுவோர்கூட ஒருவர் ஓதுவது மற்றவருக்கு இடையூறாகும்படி குரலை உயர்த்த வேண்டாம் என்று தடுத்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். இறைவேதத்தின் ஓசைக்கே இந்த ஒழுங்கென்றால் வெடிமருந்தின் ஓசைக்கு என்ன நியாயம் சொல்வோம்? தனக்கு வாங்கும்போது நிறைய அளந்து, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்போரை அல்லாஹ் தன் திருமறையில் கண்டிக்கிறான். தராசு கடையில் மட்டுமல்ல, தெருவிலும் இருக்கிறது.

'அப்படியானால் மகிழ்ச்சியே கூடாதா?' என்று சிலர் கேட்கலாம். யார் சொன்னது? பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களையும் காணச் செய்தார்கள். மகிழ்ச்சி ஆகும், காசைக் கரியாக்கும் வீண் விரயமும், பிறர் நெஞ்சைப் பதறவைக்கும் களிப்பும் ஆகா. 'தெருவே வெடிக்கும்போது நான் ஒருவன் நிறுத்தினால் ஆகப்போவதென்ன?' என்பது இன்னொரு கேள்வி. மறுமையில் தெருவைப் பற்றியல்ல, நம்மைப் பற்றித்தான் நம்மிடம் கேட்கப்படும்.

சட்டத்தை ஆயுதமாகப் பிடிப்பதும் தவறு. அண்டை வீட்டுப் பிள்ளை மாலை 8 மணி 5 நிமிடத்துக்கு ஒரு மத்தாப்பைக் கொளுத்தியதற்காகக் காவல் நிலையத்துக்கு ஓடுவது அண்டை வீட்டார்க்குரிய பண்பல்ல. வருடத்தில் ஒரு நாள் அவர்களுடைய பண்டிகை. சற்றுப் பொறுப்பது நம் கடமை. நம் வீட்டில் நோயாளி இருந்தால் முன்னாளே போய் இன்முகத்தோடு சொல்லலாம், பெரும்பாலோர் கேட்பார்கள். கூரை பற்றும் ஆபத்து, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் தயங்காமல் அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும். விதி எளியோருக்குக் கேடயம், வலியோருக்கு வாளல்ல.

ஒவ்வொரு மஹல்லாவும் தனக்கென ஒரு சிறு ஒழுங்கை வகுத்துக்கொள்ளலாம். நிக்காஹ் வீட்டார் தெருவாரிடம் முன்கூட்டியே சொல்வது, வெடியைக் கைவிட்டு அந்தப் பணத்தில் ஓர் ஏழைப் பிள்ளையின் பள்ளிச் செலவை ஏற்பது, ஒலிபெருக்கியை இஷாவோடு நிறுத்துவது. இவற்றுக்குச் சர்க்கார் உத்தரவு தேவையில்லை. ஜமாஅத்தின் மனம் போதும். பாலவாக்கத்தில் ஒரு நேரம், டில்லியில் ஒரு நேரம், சிங்கப்பூரில் நேரமே இல்லை. விதிகள் இப்படித்தான் இருக்கும். நாளை இன்னும் மாறும். எந்த ஊரில் குடியிருந்தாலும், 'என் அண்டை வீட்டார் இன்றிரவு அச்சமின்றித் தூங்குவாரா?' என்று படுக்கைக்குப் போகுமுன் கேட்டுக்கொள்பவரே அந்த ஊரின் சட்டத்தையும் தம் மார்க்கத்தையும் ஒருங்கே காத்தவராவார்.

வல்ல நாயன் நம் அனைவரையும் அண்டை வீட்டாரின் ஹக்கை அறிந்து நடக்கும் நல்லடியார்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.