எழுதப்படாத கடன்

இங்கிலாந்தில் இருக்கும் என் மருமகன் சென்ற வருடக் கடைசியில் ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தான்.

"மாமா, வங்குரோத்து ஃபோம் நிரப்புறன். கடன் தந்தவங்கட பேரெல்லாம் போடணுமாம். உங்கட பேரையும் போடட்டா?"

சட்டத்தரணி எவரும் இல்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமிருந்தால் அவன் ஏன் வங்குரோத்தாகப் போகிறான்? அங்கே 2016 முதல் கடன்பட்டவர் நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை. இணையத்தில் தானே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 680 பவுண். கையில் ஒன்றுமில்லை என்று சொல்வதற்கும் 680 பவுண் வேண்டியிருக்கிறது! தவணையாகக் கட்டலாமாம்.

பட்டியலில் கடன் அட்டைக் கம்பனிகள், ஒரு வங்கி, கடைசியில் நான். அவன் படிக்கப் போனபோது கொடுத்த மூன்று இலட்சம் ரூபா. கைமாற்று. வட்டியுமில்லை, எழுத்துமில்லை. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. குடும்பத்துக்குள் எழுதுவது வெட்கம் என்று நாம்தான் எழுதுவதில்லை. அந்தக் கடன் முதன்முதலாக எழுத்தில் ஏறியது ஒரு வங்குரோத்துப் படிவத்தில்தான்.

"உங்கட காச மட்டும் முதல்ல தந்திட்டு எழுதட்டா?" என்றும் கேட்டான். உள்ளம் குளிர்ந்தது உண்மை. ஆனால் விண்ணப்பத்துக்கு முந்திய இரண்டு வருடங்களுக்குள் உறவினர் ஒருவரை இப்படி முன்னுக்கு வைத்துக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கோர அந்நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. ஃபிக்ஹும் இதற்கு மாறாகச் சொல்லவில்லை. முஃப்லிஸின் சொத்தை விற்றுக் கடன் கொடுத்தோரிடையே அவரவர் கடனின் விகிதப்படி பங்கிடவே அது சொல்கிறது. மாமனுக்கு முதற்பங்கு என்று எந்தக் கிதாபிலும் நான் காணவில்லை. சற்றே ஏமாற்றத்துடன்தான் இதை எழுதுகிறேன்.

சட்டமும் ஷரீஅத்தும் பிரிவது இதற்கு அப்பால். பொதுவாகப் பன்னிரண்டு மாதத்தில் அங்கே அவன் விடுவிக்கப்படுவான். நீதிமன்றத் தண்டப்பணம், பிள்ளைச் செலவு போன்ற சில நீங்கலாக, கடன் சட்டப்படி தீர்ந்தது. ஷரீஅத்திலோ கஷ்டப்படுபவனுக்கு அவகாசம் உண்டு (2:280). கடன் கழுத்தில்தான் கிடக்கும். கடனோடு மௌத்தான ஒருவருக்கு ஜனாஸாத் தொழுவிக்க நபியவர்கள் தயங்கி நின்றதும், அபூ கதாதா (ரலி) அதைப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்ததும் நாம் அறிந்ததே.

அதே 2:280ஆம் வசனம், விட்டுக்கொடுப்பது இன்னும் சிறந்தது என்கிறது. இங்கேதான் என் சிக்கல். என்னிடம் கேளாமலே ஒரு நாட்டின் சட்டம் அவனை மன்னிக்கிறது. பிறகு நான் மன்னிக்க என்ன மிச்சமிருக்கிறது? பறிபோனதைத் தர்மம் செய்ததாக எழுதிக்கொள்ள முடியுமா?

சட்டத்தின் மீது எனக்குக் கோபமில்லை. கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்வான், வாக்களித்தால் மாறுவான் என்பதால் நபியவர்கள் கடனிலிருந்து பாதுகாவல் தேடினார்கள். ஒவ்வொரு தொலைபேசி மணிக்கும் பொய் சொல்லும் நிலையிலிருந்து அச்சட்டம் அவனை மீட்கிறது. கம்பனிகள் ஏற்றிய வட்டிக்காக நான் கண்ணீர் விடப்போவதுமில்லை. வாங்கிய முதல் வேறு விஷயம். ஆயினும், அறவிட முடியாது என்று சட்டம் சொல்வதும், எனக்கு வேண்டாம் என்று நான் சொல்வதும் ஒன்றல்ல. முன்னது கதவை அடைக்கிறது. அல்லாஹ்விடத்தில் என் பெயரில் நிற்கும் கணக்கு அப்படியே இருக்கிறது. அப்படியானால் மன்னிக்க என்னிடம் இன்னும் ஏதோ இருக்கிறது.

இப்படி எண்ணித்தான், "ஹலாலாக்கிட்டன் மகன்" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இப்ப சொல்லாதீங்க மாமா. ஒரு வருஷம் முடியட்டும். என்னால தர ஏலுமான நேரத்தில சொல்லுங்க" என்றான்.

கடன் கொடுத்தோருக்கான ஆங்கிலக் கடிதம் என் பெயருக்கு வந்தது. அலுமாரியில் வைத்திருக்கிறேன். வருடம் இன்னும் முடியவில்லை.