தகுதியை அளக்கும் கோல் எவரிடம்?

ஓர் உயிர் பிறக்கத் தகுந்ததா, தகாததா எனத் தீர்ப்புக் கூறும் உரிமை மற்றோர் உயிருக்கு உண்டோ? கற்றறிந்தோர் பலர் ஒரு காலத்தில் ‘உண்டு’ என்றனர். மனித குலத்துக்கு நன்மை செய்வதாகவே அவர்கள் நம்பினர். அதனாலேயே அவ்வரலாறு நம் சிந்தனைக்கு உரியது.

இங்கிலாந்து அறிஞர் பிரான்சிஸ் கால்டன், நல்ல குதிரைகளைத் தேர்ந்து இனம் பெருக்குவது போல மக்களையும் பெருக்கலாம் என எண்ணினார். 1883-இல் அக்கொள்கைக்கு ‘யூஜெனிக்ஸ்’ எனப் பெயரிட்டார். 1907-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம், ‘தகுதியற்றோர்’ எனப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் இயற்றியது. எண்ணம் சொல்லாயிற்று; சொல் கத்தியாயிற்று.

வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்னும் ஏழைப் பெண், மணமாகாமலே தாயானாள். வளர்ப்புக் குடும்பத்தின் உறவினன் ஒருவன் வன்முறையால் தன்னைக் கெடுத்ததாகப் பின்னாளில் அவள் கூறினாள். அவனை எவரும் தண்டிக்கவில்லை. அவளையே ‘அறிவு குன்றியவள்’ என்று 1924-இல் காப்பகத்தில் அடைத்தனர். அவள் தாயும் அங்கேயே இருந்தாள். ஏழு மாதக் குழந்தை விவியனின் தோற்றத்திலும் ஏதோ குறை தெரிவதாக ஒரு சமூக ஊழியர் சாட்சி கூறினார். 1927-இல் உச்ச நீதிமன்றம் கருத்தடைக்கு இசைந்தது. ஒன்பது நீதிபதிகளுள் ஒருவரே மறுத்தார். அறிவிலிகள் மூன்று தலைமுறை போதும் என்னும் கருத்துப்படத் தீர்ப்பெழுதினார் நீதிபதி ஹோம்ஸ்.

அந்த மூன்றாம் தலைமுறைக் குழந்தை பள்ளிக்குச் சென்றாள். 1931-இல் சிறந்த மாணவர் பட்டியலில் இடம் பெற்றாள். மறு ஆண்டே, எட்டு வயதில், நோயுற்று இறந்தாள். கேரியின் தங்கை டோரிசுக்கோ, குடல்வால் அறுவை எனப் பொய் கூறிக் கருத்தடை செய்தனர். மகப்பேற்றுக்கு ஏங்கிய அவர் முதுமையில்தான் உண்மையை அறிந்தார்.

அமெரிக்காவில் இவ்வாறு 60,000-க்கும் மேற்பட்டோர் துன்புற்றனர். ஜெர்மனியில் 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏறத்தாழ 4,00,000 பேர். 1939 முதல் ஊனமுற்றோரைக் கொல்லவும் தொடங்கினர். 2002-இல் வர்ஜீனியா ஆளுநர் மன்னிப்புக் கோரினார். கேரி மறைந்து அப்போது 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நோயற்ற குழந்தையை விரும்புவது தவறோ எனச் சிலர் வினவலாம். தவறன்று. நோயைத் தீர்க்க முயல்வது அருள். நோயுற்றவரை வேண்டாதவர் எனத் தள்ளுவது இம்சை. கருவிலேயே குறையைக் கண்டறியும் இந்நாளில் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

ஆசிரியையாக இருந்த நாளில், ‘இவன் தேறமாட்டான்’ என நானும் கூறியதுண்டு. விவியனின் கதையைப் படித்த பின் அச்சொல் என்னை உறுத்துகிறது. மெய்யால் செய்யும் தீங்கு மனத்திலும் மொழியிலும் முளைப்பதன்றோ? காவலை அங்கேயே வைப்போம்.