பகல் பட்ட முகம்

1988இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் நேன் கோல்டின் போதையிலிருந்து மீள மருத்துவமனையில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அவர் தன்னையே எடுத்துக்கொண்ட படங்களில் ஒரு புதுமை உண்டு: வெயில். அதுவரை அவருடைய உலகம் பெரும்பாலும் இரவுதான். மூடிய அறை, மதுவிடுதி, கலைந்த படுக்கை, முகத்தில் அறையும் ஃபிளாஷ். முப்பத்தைந்தை நெருங்கும் வயதில் ஒரு புகைப்படக்காரர் சூரியனைக் கண்டுபிடிக்கிறார்!

போதை காலத்தை நிறுத்திவிடும் என்பார்கள். அவருடைய பழைய படங்களைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசம்தான் காணாமல் போயிருக்கிறது. அடுத்தது எப்போது என்ற ஒரே கேள்விதான் மிச்சம்.

ஒருவர் குடிப்பார் என்பதை நாசூக்காக, “அவருக்குப் பழக்கம் உண்டு” என்போம். புனித அகுஸ்தினாரும் பழக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராக இருந்தபோது, கி.பி. 400ஐ ஒட்டி, தன் வாழ்க்கையைக் கடவுளிடம் ஒப்புக்கொள்வதுபோல் ஒரு நூல் எழுதினார். இச்சைக்கு இணங்கினால் பழக்கம், பழக்கத்தைத் தடுக்காவிட்டால் கட்டாயம் என்று அதில் கண்ணி கண்ணியாகச் சங்கிலி கோக்கிறார். பெற்ற தாயையும் விட்டுவைக்கவில்லை. சிறுமி மோனிக்காவைத் திராட்சை மது எடுத்துவர அனுப்புவார்களாம். முதலில் உதட்டை நனைத்துப் பார்த்தவள், போகப்போகக் கிண்ணத்தையே காலி செய்யத் தொடங்கினாள். ஒரு சண்டையில் வேலைக்காரச் சிறுமி ‘குடிகாரி’ என்று திட்டினாள், அன்றோடு மோனிக்கா அதை விட்டுவிட்டாள்.

எல்லோருக்கும் அப்படி ஒரு சொல் கிடைத்துவிடுவதில்லை.

அதே நூலின் 11ஆம் பகுதியில் அகுஸ்தினார் காலத்தோடு மல்லுக்கு நிற்கிறார். மனப்பாடமான சங்கீதம் ஒன்றைப் பாடும்போது, பாடப்போகும் வரிகள் எதிர்பார்ப்பிலிருந்து நழுவி ஒவ்வொன்றாக நினைவுக்குள் போய்ச் சேர்கின்றன. காலத்தை மனம் அளப்பது அப்படித்தான் என்கிறார். கோல்டினின் புகழ்பெற்ற ‘தி பேலட் ஆஃப் செக்ஷுவல் டிபென்டென்சி’ கிட்டத்தட்ட இதே பாணியில் அமைந்தது. 1986இல் புத்தகமாக வந்தாலும், அது பிறந்தது ஸ்லைடு காட்சியாக. ஏறக்குறைய 700 ஸ்லைடுகள், 45 நிமிடம், பின்னணியில் பாட்டு. கணக்குப் போட்டால் ஒரு முகத்துக்கு நான்கு விநாடிகூட முழுதாகத் தேறாது. தொடக்கத்தில் நியூயார்க்கின் இரவு விடுதிகளில் அதைப் பார்த்துக் கூச்சலிட்டவர்களில் பலர் திரையில் இருந்தவர்களே. படம் மாறும் ‘கிளிக்’ சத்தத்தில் அவரவர் முகம் நினைவுக்குள் போனது.

காலத்தைப் பிடித்துவைக்கும் இந்த ஆசையும் ஒரு போதை இல்லையா? கோல்டினுக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, 1965இல், அக்கா பார்பரா தற்கொலை செய்துகொண்டார். இன்னொருவரின் நினைவை இனி இழக்கக் கூடாது என்ற தவிப்புதான் பிற்பாடு அவர் கையில் கேமராவாக இருந்தது. தோழி குக்கி முல்லரை 1976 முதல் படமெடுத்துக்கொண்டே இருந்தார். 1989இல் எய்ட்ஸ் நோய் குக்கியைக் கொண்டுபோனது. போதுமான அளவு படமெடுத்துவிட்டால் யாரையும் இழக்க மாட்டோம் என்று நம்பியிருந்ததையும், அந்தப் படங்களே இழப்பின் அளவைக் காட்டியதையும் கோல்டின் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ‘போதுமான அளவு’ என்பது குடிப்பவர் வாயிலும் வரும் சொல்தான். ஆனால் குடிப்பவருக்குக் கோப்பை காலியாகிவிடும். இவர் கையில் படம் தங்கியது. இழந்தவர்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கவைத்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது கொஞ்சம் அவசரம்.

பழக்கம் மறுபடி வந்தது, இம்முறை மருத்துவரின் சீட்டு வழியாக. மணிக்கட்டு வலிக்குத் தரப்பட்ட ஆக்ஸிகான்டின் மாத்திரை. அதிலிருந்து மீண்டவர் 2017இல் ‘பெயின்’ என்ற போராட்டக் குழுவைத் தொடங்கினார். 2018 மார்ச்சில் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில், அந்த மாத்திரையால் செல்வம் சேர்த்த சாக்லர் குடும்பத்தின் பெயர் தாங்கிய கூடத்தில், மாத்திரைக் குப்பிகளைத் தண்ணீரில் வீசினார்கள். எகிப்திலிருந்து பெயர்த்துவந்த, இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான டெண்டூர் கோயிலின் முன் அவை மிதந்தன. 2021 டிசம்பரில் அந்தப் பெயர் நீக்கப்பட்டது.

இந்தப் போராட்டங்களுக்கு இடையே ‘மெமரி லாஸ்ட்’ என்ற ஸ்லைடு காட்சிக்காகப் பழைய பெட்டிகளைக் கிளறினார் கோல்டின். அதில் மங்கலும் ஆட்டமுமான படங்கள் பல. ஃபோகஸ் தவறியவை, வழக்கமாகக் குப்பைக்குப் போகவேண்டியவை. தொலைபேசிக்குப் பதில் சொல்லும் கருவியில் பதிவாகிக் கிடந்த பழைய குரல்கள் அவற்றோடு ஒலிக்கின்றன.