முதுமையடைந்த குதிரையும் நம் மீதுள்ள ஹக்கும்

அல்ஹம்துலில்லாஹ், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ்.

முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு உபதேசம் செய்தவனாக இன்றைய ஜும்ஆ பயானைத் தொடங்குகிறேன்.

போன வாரம் ஜும்ஆ முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, நம் கயத்தாற்றுப் பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், எங்க வீட்ல ஒரு குதிரை நிக்கிது. இருபத்திரண்டு வயசாகுது. வண்டி இழுத்து எம் பிள்ளைகளைப் படிக்க வச்ச குதிரை. இப்ப வண்டியும் இல்ல, லாடமும் கழற்றியாச்சு. பேரப்பிள்ளை ஏறணும்னு அடம் பிடிக்கிறான். செங்கல் சூளைக்குச் சுமை இழுக்க ஒரு ஆள் விலைக்குக் கேக்குறாரு. மகன் கொடுத்திரலாம்ங்கிறான். நான் என்ன செய்யட்டும்?" என்றார். கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இது ஒரு குதிரையைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல. உழைத்து ஓய்ந்த ஒன்றை நாம் என்ன செய்கிறோம் என்ற கேள்வி. அதனால்தான் அவருடைய அனுமதியோடு, பெயர் சொல்லாமல், இதையே இன்று பேசுகிறேன்.

குதிரைக்கு தீன் கொடுத்த அந்தஸ்து

ஓடும் குதிரைகளைக் கொண்டு அல்லாஹு தஆலா சத்தியம் செய்கிறான். அந்த அத்தியாயத்திற்கே 'ஆதியாத்' என்று பெயர். குதிரையின் நெற்றி முடியில் கியாமத் நாள் வரை நன்மை பிணைக்கப்பட்டிருக்கிறது என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் வாக்கு.

புகாரியில் வரும் இன்னொரு ஹதீஸில், குதிரை வைத்திருப்பவர்களை நபி (ஸல்) அவர்கள் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். ஒருவருக்கு அது நற்கூலி. ஒருவருக்கு அது வறுமையை மறைக்கும் திரை. ஒருவருக்கு அது பாவச்சுமை. இரண்டாமவர் யார் தெரியுமா? பிழைப்புக்காகக் குதிரை வைத்துக்கொண்டு, அதன் கழுத்திலும் முதுகிலும் உள்ள அல்லாஹ்வின் ஹக்கை மறக்காதவர். முதுகில் உள்ள ஹக்கு என்பதற்கு, தாங்க முடியாத சுமையை அதன் மேல் ஏற்றாமல் இருப்பது என்று விளக்கம் சொன்ன உலமாக்கள் உண்டு. நம் பெரியவர் இந்த வகையைச் சேர்ந்தவர். இத்தனை வருடம் அந்தக் குதிரை அவர் வீட்டுக்குத் திரையாக இருந்தது.

நம் கடற்கரையில் நடந்தது

குதிரைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று இளைஞர்கள் நினைக்கலாம். நம் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த காயல் துறைமுகம், ஒரு காலத்தில் முத்துக்கு மட்டுமல்ல, குதிரைக்கும் பேர்போனது. பாண்டியர் ஆட்சியில் ஹுர்முஸ், கீஷ், ஏடன் பக்கமிருந்து அரபு, பாரசீக வியாபாரிகள் மரக்கலங்களில் குதிரைகளைக் கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள்.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்: பாண்டிய மன்னர் ஆண்டுக்கு 2,000க்கும் மேல் குதிரை வாங்குகிறார், ஆண்டு முடிவதற்குள் நூறு கூட மிஞ்சுவதில்லை. பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாததே காரணம் என்கிறார். கை தேர்ந்த குதிரை வைத்தியர்கள் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டு வியாபாரம்!

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு குதிரைக்கு 220 தீனார் விலை. கடலில் செத்த குதிரைக்கும் பணம் உண்டு என்பது ஒப்பந்தம். இங்கே வந்ததும் கொழுக்க வேண்டும் என்று நாற்பது நாள் முளையில் கட்டிப் போட்டுத் தீனி போடுவார்களாம். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் ஏறி விரட்டுவார்களாம். விளைவு, பாய்ந்து வந்த குதிரை கொஞ்ச நாளில் எதற்கும் உதவாமல் போய்விடும்.

சகோதரர்களே! விற்றவர்களில் நம்மவர்கள் இருந்தார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை, படிப்பினை பெற வேண்டும். 220 தீனார் கொடுக்கக் கை இருந்தது. குளம்பைத் தூக்கிப் பார்க்க ஒரு கை இல்லை. விலை கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைத்தார்கள். விலை கொடுத்த அன்றுதான் கடமை தொடங்குகிறது.

பயன் நின்றாலும் கடமை நிற்காது

ஏறத்தாழ அதே காலத்தில் எகிப்தில் வாழ்ந்தவர் ஷாஃபிஈ மத்ஹபின் மாபெரும் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்). ஹிஜ்ரி 660ல் வஃபாத்தானார்கள். கால்நடைகளுக்கு மனிதன் மீதுள்ள ஹக்குகளை அவர்கள் பட்டியல் போட்டு எழுதினார்கள். அதில் முதலாவது, அதற்குத் தகுந்த தீனியும் தண்ணீரும் கொடுப்பது. அது முதுமையடைந்தாலும் சரி, நோயுற்றாலும் சரி, அதனால் ஒரு பயனும் இல்லாமல் போனாலும் சரி, கொடுத்தாக வேண்டும். அடுத்தது, சக்திக்கு மீறிச் சுமத்தாமல் இருப்பது.

ஒரு தோட்டத்தில் பெருமானாரைக் கண்டதும் கண்ணீர் விட்ட ஒட்டகத்தின் சம்பவம் அபூதாவூதில் வருகிறது. பெருமானார் அதைத் தடவிக் கொடுத்தார்கள். பிறகு அதன் உரிமையாளரை அழைத்து, நீ அதைப் பட்டினி போடுகிறாய், ஓயாமல் வேலை வாங்குகிறாய் என்று அது முறையிடுகிறதே என்று கண்டித்தார்கள். வாயில்லா ஜீவனுக்கும் வழக்குரைக்க ஒரு நபி இருந்தார்கள்!

ஏறலாமா? எப்படி ஏறுவது?

பெரியவரின் ஒரு கேள்வி, பேரன் ஏறலாமா என்பது. தாராளமாக ஏறலாம். வாகனமாகவும் அலங்காரமாகவும் அல்லாஹ் படைத்ததுதான் குதிரை. அபூதல்ஹா (ரலி) அவர்களிடம் மந்தமாக நடக்கும் குதிரை ஒன்று இருந்தது. மதீனாவில் ஓர் இரவு பீதி ஏற்பட்டபோது, பெருமானார் (ஸல்) சேணம் இல்லாமல் அதில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதைக் கடலுக்கு ஒப்பிட்டுப் புகழ்ந்தார்கள். மந்தமானது என்று எதையும் ஒதுக்கிவிடக் கூடாது. அதே சமயம், வயதான குதிரையில் ஏறுவதற்கு ஒழுங்கு இருக்கிறது.

ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வயதானதற்கு அதைவிடக் குறைவுதான் நல்லது. சிறு பையன் ஏறட்டும், அப்பா ஏற வேண்டாம். ஏறுவதற்கு ஒரு கல்லோ திண்ணையோ வைத்துக்கொள்ளுங்கள், முதுகு இழுபடாது. முதல் பத்துப் பதினைந்து நிமிடம் வெறும் நடைதான். அதற்கும் மூட்டு வலி உண்டு, நம் வீட்டுப் பெரியவர்களைப் போல. ஃபஜ்ருக்குப் பின் வெயிலுக்கு முன் போங்கள்.

லாடம் இல்லாமல் நடப்பது குதிரையின் இயல்புதான். ஆனால் பல வருடம் லாடம் அடித்த குளம்பு உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சரளைக் கல்லிலும் கொதிக்கும் தார்ச்சாலையிலும் நடத்தாதீர்கள். மண் பாதையே போதும். மழைக்காலத்தில் நம் கரிசல் மண் குளம்பில் அப்பிக்கொள்ளும். தினமும் குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யுங்கள். நடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதி கறுத்து நாற்றமடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். கட்டுத்தறி ஈரமில்லாமல் இருக்கட்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை, தெரிந்தவரைக் கொண்டு குளம்பைச் சீவி விடுங்கள்.

தீனி தின்னும்போது மென்ற உருண்டையைக் கீழே துப்பினால் பல் தேய்ந்துவிட்டது என்று அறியலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கொள்ளை நன்றாக ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரே வேளையில் கொட்டினால் வயிற்று வலி வரும்.

விற்கலாமா?

விற்பது ஹலாலா என்றால் ஹலால்தான். ஆனால் சுமக்க முடியாததைச் சுமக்க வைப்பார் என்று தெரிந்தே ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அல்லாஹ்விடம் சொல்ல முடியுமா? நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமே, வயதால் தகுதியிழந்த பிராணியை வேலை வாங்குவதையும், பசியில் வாடும்படி கைவிடுவதையும் குற்றம் என்கிறது. மதுரை நெடுஞ்சாலையில் இரவில் அவிழ்த்து விட்டால், அது லாரியில் அடிபடும். வருகிற மனிதனும் சாவான்.

வைத்துக் காப்பாற்ற வசதி இல்லையா? தோட்டமும் நல்ல மனமும் உள்ளவரிடம் ஒப்படையுங்கள். ஜமாஅத்தில் நாலு பேர் சேர்ந்து தீனிச் செலவைப் பகிர்ந்துகொண்டால் அதற்கும் கூலி உண்டு. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த தீன் இது.

கடைசியாக ஒன்று. "இனி இதனால் என்ன பயன்?" என்று கட்டுத்தறியைப் பார்த்துக் கேட்கப் பழகிய நாக்கு, நாளைக்குத் திண்ணையில் கிடக்கும் வாப்பாவைப் பார்த்தும் அதையே கேட்கும். பேரப்பிள்ளை நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தக் குதிரையை நாம் நடத்தும் விதத்தில்தான் அவன் நம்மை நடத்தக் கற்றுக்கொள்கிறான்.

நேற்று பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஹஜ்ரத், சூளைக்காரரிடம் இல்லைன்னு சொல்லிட்டேன்."

வல்ல ரஹ்மான் அவருடைய வீட்டில் பரக்கத் செய்வானாக! வாயில்லா ஜீவன்களின் ஹக்கைப் பேணி நடக்க நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.